கம்மி செலவுல பேக்யார்ட் ஸ்மோக்கர்: வாங்குறதா, நாமளே செய்யுறதா?

"கறியை புகைல போட்டு சாஃப்ட்டா எடுக்கணும், ஆனா ஒரு ஸ்மோக்கருக்குன்னு பெரிய தொகை ஒதுக்க முடியாது, டிரம் வாங்கி நானே செய்யவா இல்ல கடையில கம்மி விலைல நிக்கிறதுல ஒண்ண தூக்கிட்டு வந்துடவா?" இந்த கேள்வி கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல மாசக்கணக்கா சுத்திட்டு இருப்பாங்க, வீடியோ பாப்பாங்க, மறுபடி குழம்புவாங்க. மூணாவது ஒரு வழியும் இருக்கு, ஏற்கனவே வீட்டுல மூடி போட்ட கரி கிரில் இருந்தா எதுவுமே வாங்காம இருக்குறது. அதையும் சேர்த்தே பாத்துடலாம்.

ஸ்மோக்கர்னா பெரிய மெஷின் ஒண்ணும் இல்ல. ஒரு டப்பா, உள்ள நெருப்பு, காத்து உள்ள வர ஒரு வழி, புகை வெளிய போக ஒரு வழி, அவ்ளோதான். நெருப்போட வேகத்தை தீர்மானிக்கிறது கரி எவ்ளோ கொட்டினீங்கங்கிறது இல்ல, எவ்ளோ காத்து உள்ள போகுதுங்கிறதுதான். அதனால விலை கூடின ஸ்மோக்கருக்கும் மலிவானதுக்கும் உண்மையான வித்தியாசம் ரெண்டே இடத்துல, இடுக்கு எவ்ளோ இறுக்கமா மூடுது, தகடு எவ்ளோ தடிமன். சக்கரம், சைடு டேபிள், மூடியில இருக்குற பளபள மீட்டர் எல்லாம் பாத்து மயங்கிடாதீங்க.

## எதை வெச்சு எடை போடணும்

முதல்ல வெப்பம் நிக்கணும். ஹாட் ஸ்மோக்கிங்குக்கு (புகையிலயே கறியை வேக வைக்கிறது) உள்ள 107ல இருந்து 135 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏதோ ஒரு இடத்துல மணிக்கணக்கா நிக்கணும். 5 டிகிரி ஏறி இறங்குறது பத்தி கவலையே பட வேணாம். ஆனா 90க்கு விழுந்து அப்புறம் 160க்கு பறக்குற பெட்டியா இருந்தா அது ஸ்மோக்கரே இல்ல. இதுல ருசி மட்டும் இல்ல, பாதுகாப்பும் இருக்கு. கறி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல ரொம்ப நேரம் கிடந்தா பாக்டீரியா பெருகும், 4 மணி நேரத்துக்குள்ள அந்த கட்டத்தை தாண்டிடணும்ங்கிறதுதான் ஸ்மோக்கிங் பண்றவங்க பொதுவா வெச்சுக்கிற கணக்கு.

ரெண்டாவது, உங்க தூக்கம். 3, 4 கிலோ போர்க் ஷோல்டர் (பன்றியோட தோள்பட்டை கறி) 110 டிகிரில வேக 10, 12 மணி நேரம் ஆகும். நடுவுல கறியோட உள் வெப்பம் 65ல இருந்து 75க்குள்ள எங்கயாவது வந்து அப்படியே நின்னுடும், சில சமயம் மூணு நாலு மணி நேரம் அசையாது. கறியில இருந்து ஈரம் ஆவியாகி, வேர்வை உடம்பை குளிர வைக்கிற மாதிரி அதை குளிர வைக்கிறதால வர்ற வேலை அது (ஸ்டால்னு சொல்வாங்க, புதுசா பண்றவங்க இந்த இடத்துலதான் பயந்து தீயை கூட்டுவாங்க). இந்த 12 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் விறகு போடணுமா, இல்ல மூணு நாலு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாத்தா போதுமா? ஸ்மோக்கர் தேர்வுல பாதி இந்த ஒரு கேள்விதான்.

அப்புறம் எரிபொருள் செலவு, ஒரே நேரத்துல எவ்ளோ கறி வைக்கலாம், மழை வெயில்ல எத்தனை வருஷம் தாங்கும், செய்யுறதா இருந்தா உங்க கைல என்ன டூல்ஸ் இருக்கு. கடைசியா உள்ள இருக்குற பெயிண்ட், முலாம் எல்லாம் சூடானா என்ன ஆகும். இந்த கடைசி விஷயத்தை யாரும் கேக்குறதே இல்ல, டிரம் பத்தி பேசும்போது வர்றேன்.

## இருக்குற கெட்டில் கிரில்லையே ஸ்மோக்கர் ஆக்குறது

உருண்டையா, மூடியோட, கீழயும் மேலயும் காத்து துவாரம் இருக்குற கிரில் வீட்டுல இருந்தா நீங்க ஏற்கனவே ஒரு ஸ்மோக்கர் வெச்சிருக்கீங்க, தெரியாம இருக்கீங்க.

செய்முறை சிம்பிள். ப்ரிக்கெட் கரியை (ஒரே அளவுல அழுத்தி செஞ்ச கரிக்கட்டி) கிரில்லோட ஓரத்துல, ரெண்டு அகலம் ரெண்டு உயரம்னு ஒரு வளையமா அடுக்குங்க, முழு வட்டம் வேணாம், முக்கால் வட்டம் போதும். மேல அங்கங்க கெட்டியான மரத்துண்டு. ஒரு முனையில மட்டும் நல்லா கங்கு புடிச்ச 8, 10 கரியை வைங்க. பாம்பு நகர்ற மாதிரி ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு மெதுவா தணல் நகரும், அதனாலதான் இதுக்கு ஸ்நேக் முறைன்னு பேரு. நடுவுல ஒரு அலுமினிய ட்ரேல தண்ணி, அதுக்கு மேல கறி. துவாரங்களை கால்வாசி அளவுக்கு திறந்து வெச்சா 57 சென்டிமீட்டர் கிரில்ல அஞ்சாறு மணி நேரத்துக்கு மேலயே தாராளமா ஓடும்.

குறைன்னா இடம்தான். கரிக்கு நேர் மேல எதுவும் வைக்க முடியாததால பாதி இடம் வீண். ரெண்டு ரேக் ரிப்ஸ் (விலா எலும்புக் கறி) வைக்கவே சுருட்டி மடக்கி நிக்க வைக்கணும். 12 மணி நேர வேலைன்னா நடுவுல மூடியை தூக்கி வளையத்தை நீட்டணும், அப்போ வெப்பம் குதிக்கும். ஆனா வீட்டுல நாலு பேர், மாசத்துக்கு ஒரு தடவை ஆசைக்கு பண்றதுன்னா இதுக்கு மேல காசு போடுறது எனக்கு புரியவே இல்ல, அந்த காசுக்கு ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்க.

கேஸ் கிரில் வெச்சிருக்கவங்க 30 சென்டிமீட்டர் நீள ஓட்டை போட்ட ட்யூப்ல பெல்லட் (மரத்தூளை அழுத்தி செஞ்ச சின்ன குச்சி) நிரப்பி ஒரு முனையில பத்த வெச்சு உள்ள வைக்கலாம், மூணு நாலு மணி நேரம் புகை வரும், ஒரு பர்னர் மட்டும் சிம்ல. புகை வாசம் நிச்சயம் வரும். ஆனா நிறைய கேஸ் கிரில்லுக்கு பின்பக்கம் திறந்தே இருக்கும், வெப்பத்தை 110ல பிடிச்சு வைக்கிறது கஷ்டம். கோழி, மீனுக்கு ஓகே.

## 208 லிட்டர் டிரம்ல நாமளே செய்யுறது

அக்ளி டிரம் ஸ்மோக்கர்னு உலகம் பூரா செய்யுற ஐட்டம் இது, பேருல இருக்குற மாதிரியே அழகு இருக்காது, ஆனா வேலை செய்யும். என்னோட வோட்டும் இதுக்குத்தான், ரெண்டு கண்டிஷனோட. ஒண்ணு, டிரம்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நிச்சயமா தெரியணும். ரெண்டு, டிரில்லும் கிரைண்டரும் உங்க கிட்டயோ பக்கத்து வீட்டுலயோ ஏற்கனவே இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் கணக்கு மாறிடும்.

அமைப்பு இவ்ளோதான். மூடி தனியா கழட்டி மாட்டுற ஓப்பன் ஹெட் டிரம் எடுக்கணும். அடியில இருந்து 5 சென்டிமீட்டர் மேல நாலு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் 19 மில்லிமீட்டர் பைப் துண்டு, ஒண்ணுல மட்டும் பால் வால்வு, மத்த மூணுக்கும் மூடி. கரிக்கு எக்ஸ்பேண்டட் மெட்டல் வலையில ஒரு கூடை, 40 சென்டிமீட்டர் விட்டம், கீழ சாம்பல் விழ 5, 6 சென்டிமீட்டர் கால் வெச்சு. கரில இருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்துல நாலு போல்ட் மேல கிரேட் (கறி வைக்கிற கம்பித் தட்டு) உக்காரும். டிரம்மோட உள் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர்ங்கிறதால பெரிய கெட்டில் கிரில்லோட கிரேட் அப்படியே பொருந்தும், தனியா வெல்டிங் பண்ண தேவையில்ல. மூடியில புகை போக ஓட்டை, உள்ள வர்ற வழிய விட வெளிய போற வழி கொஞ்சம் பெருசா இருக்கணும், இல்லன்னா புகை உள்ளயே தேங்கி கறி கசக்கும்.

கூடை நிறைய பத்த வைக்காத கரி, அது மேல நடுவுல கொஞ்சம் கங்கு. மேல இருந்து கீழ மெதுவா இறங்கி எரியும். அடியில வர்ற காத்தை அடைச்சு வெச்சிருக்கிறதால ஒரு கூடை கரி 10 மணி நேரத்துக்கு மேல சர்வசாதாரணமா நிக்கும், வால்வை கொஞ்சம் திருப்புறதைத் தவிர வேலை இல்ல. கறியில இருந்து கொழுப்பு நேரா கரில சொட்டி ஆவியாகி திரும்ப கறிலயே படியும், டிரம்முக்குன்னு ஒரு தனி வாசம் வர்றது இதனாலதான். ஒண்ணே ஒண்ணு கத்துக்கணும்: வெப்பம் ஏறும்போதே, 95 டிகிரி வரும்போதே வால்வை குறைச்சு பிடிச்சுடணும். 150க்கு போனதுக்கு அப்புறம் இறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும், அதுக்குள்ள மூடியை தூக்கி பாத்தீங்கன்னா காத்து மொத்தமா உள்ள பாஞ்சு இன்னும் ஏறும்.

இப்போ கண்ணுக்கு தெரியாத செலவுக்கு வருவோம்.

டிரம்முக்கு உள்ள பெரும்பாலும் சிவப்பு இல்ல பழுப்பு கலர்ல ஒரு கோட்டிங் இருக்கும், துரு பிடிக்காம இருக்க அடிக்கிறது. சாப்பாட்டு பொருள் வந்த டிரம்லயும் இருக்கும். அதை முழுசா எரிச்சு எடுத்தாகணும், அரைகுறையா விட்டா அது உங்க கறி மேலதான் வரும். அடியில ஓட்டை போட்டதுக்கு அப்புறம் விறகு நிரப்பி பெரிய தீயா சில மணி நேரம் எரிக்கணும், மிச்சத்தை வயர் பிரஷ் வீல் போட்டு தேய்க்கணும், மாஸ்க் கண்ணாடி கட்டாயம். ஒரு நாள் வேலை, அக்கம்பக்கத்துக்கு நாத்தம் போகும். கோட்டிங் இல்லாத புது டிரம் கிடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாலும் வாங்கிடுங்க, அந்த ஒரு நாள் உங்களுக்கு மிச்சம்.

பூச்சி மருந்து, கெமிக்கல், பேர் தெரியாத எண்ணெய் இருந்த டிரம் சும்மா குடுத்தாலும் வேணாம். பெட்ரோல், தின்னர் மாதிரி இருந்த டிரம்மை கிரைண்டர் வெச்சு வெட்டுறது இன்னும் மோசம், காலியா தெரிஞ்சாலும் உள்ள ஆவி இருக்கும், தீப்பொறி பட்டா வெடிக்கும்.

அடுத்து ஜிங்க் (துத்தநாகம்) முலாம். ஜிஐ பைப், ஜிஐ வலை, பளபளன்னு இருக்குற சாதா போல்ட் எல்லாத்துலயும் அது இருக்கும். ஜிங்க் 419 டிகிரில உருகும், எரியுற கரி கூடையோ அதை விட அதிக சூட்டுக்கே போகும். அதுல வர்ற புகையை சுவாசிச்சா காய்ச்சல் மாதிரி வரும். கூடைக்கு சாதா இரும்பு, போல்ட்டுக்கும் கிரேட்டுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இதுல காசு பாக்காதீங்க. வெளிய ஹை டெம்பரேச்சர் பெயிண்ட் அடிக்கலாம். உள்ள எந்த பெயிண்ட்டும் கிடையாது, சமையல் எண்ணெய் தடவி ஒரு தடவை வெறும் கரில ஓட்டி பதப்படுத்தினா போதும்.

இதுக்கெல்லாம் டிரில் பிட், ஹோல் சா, கிரைண்டர் டிஸ்க்னு புதுசா வாங்க ஆரம்பிச்சா டிரம்ல மிச்சம் பிடிச்சது அத்தனையும் போயிடும். அப்படி இருக்கவங்க ரெடிமேடா வர்ற டிரம் ஸ்மோக்கரையோ கீழ சொல்ற புல்லட்டையோ பாருங்க.

## புல்லட் ஸ்மோக்கர் வாங்குறது

செங்குத்தா நிக்கும், மூணு பாகம், கீழ கரி, நடுவுல தண்ணி சட்டி, மேல ரெண்டு அடுக்கு கிரேட். வெபர் கம்பெனி ஸ்மோக்கி மவுண்டனை 1981ல கொண்டு வந்தாங்க, இன்னைக்கும் வடிவம் பெருசா மாறல, அதுலயே தெரியும் விஷயம். இப்போ 37, 47, 57 சென்டிமீட்டர்னு மூணு சைஸ். 47 பெரும்பாலான வீட்டுக்கு போதும். 57 கரி குடிக்கும், அடிக்கடி கூட்டத்துக்கு சமைக்கிறவங்களுக்கு மட்டும்.

தண்ணி சட்டி வெப்பத்தை உறிஞ்சி வெச்சுக்கிறதால ஏத்த இறக்கம் சமனாகும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு டிரம்மை விட மன்னிக்கிற ஐட்டம் இது. உள்ள வெளிய ரெண்டு பக்கமும் இனாமல், சட்டுனு துரு பிடிக்காது. அதனாலதான் சொல்றேன், பட்ஜெட் இடிக்குதுன்னா புது மலிவு காப்பிய விட பழைய நல்ல புல்லட் மேல். பாக்கும்போது மூடி வட்டமா இருக்கா, கதவு வளைஞ்சிருக்கா, இனாமல் பெரிய பெரிய சில்லா பேந்திருக்கா பாருங்க. கிரேட் துரு பிடிச்சிருந்தா பரவால்ல, அது மாத்திக்கலாம்.

மலிவு காப்பிகள்ல ஒரே வியாதி: கரி சட்டியில ஓட்டையே இருக்காது. ரெண்டு மணி நேரத்துல சாம்பல் மூடி நெருப்பு மூச்சு திணறி செத்துடும், வாங்கினவங்க கரியை திட்டுவாங்க. சட்டியில ஏழெட்டு ஓட்டை போட்டு, உள்ள ஒரு சின்ன கிரேட் வெச்சு கரியை தூக்கி, கதவு ஓரத்துல கேஸ்கெட் (இடுக்கை அடைக்கிற பட்டை) ஒட்டினா ஆளே மாறிடும். இந்த சின்ன வேலைக்கு தயார்னா காப்பியும் வாங்கலாம்.

## மலிவு ஆஃப்செட்

பக்கத்துல தனி நெருப்பு பெட்டி, படுக்க வெச்ச பீப்பா, புகைக்குழாய். பாத்த உடனே "இதுதான்யா ஸ்மோக்கர்"னு மனசு சொல்லும். கம்மி விலைல இருக்குறதை வாங்காதீங்க, இதுல நான் கறார்.

நல்ல ஆஃப்செட்டுக்கு தகடு 6 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், ரெண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மலிவுல வர்றது 1.5, 2 மில்லிமீட்டர், காத்து அடிச்சாலே வெப்பம் விழும். மூடி இடுக்குல, பெட்டி இடுக்குல எல்லாம் புகை ஒழுகும், அதாவது காத்தும் உள்ள போகும், அதாவது வால்வை திருப்புறதுல அர்த்தமே இல்ல. நெருப்பு பக்கம் இருக்குற கறிக்கும் குழாய் பக்கம் இருக்குற கறிக்கும் 30, 40 டிகிரி வித்தியாசம் இருந்தா ஆச்சரியப்பட எதுவும் இல்ல. அரை மணி, முக்கா மணிக்கு ஒரு தடவை விறகு போடணும், முன்ன சொன்ன 12 மணி நேர ஷோல்டருக்கு கணக்கு போட்டு பாத்துக்கோங்க. கேஸ்கெட், உள்ள சூட்டை பரப்பி விடுற பேஃபிள் தகடு, குழாயை கிரேட் மட்டத்துக்கு நீட்டுறது, கரி கூடைன்னு ஒவ்வொண்ணா சேர்த்தா புல்லட் வாங்குற காசு வந்துடும், அப்பவும் தகடு மெலிசுதான்.

யாருக்கு சரி? விறகு நெருப்போட உக்காந்து அதை கவனிச்சுட்டே இருக்குறதுதான் உங்களுக்கு பொழுதுபோக்குன்னா. அந்த சந்தோஷம் உண்மையானது, வெறும் விறகுல சுத்தமா எரிஞ்ச புகை குடுக்குற ருசியை கரி ஸ்மோக்கர் முழுசா குடுக்காது. அப்படின்னா காசு சேத்து வெச்சு பழைய தடிமன் தகடு ஒண்ணு தேடுங்க.

## எலக்ட்ரிக், கேஸ் அலமாரி

பிளக் சொருகி 110னு செட் பண்ணிட்டு போய் படுத்துக்கலாம், இதுக்கு மேல வசதி கிடையாது. மரச்சில்லை அப்பப்போ போடணும், அவ்ளோதான். மீன், சாசேஜ், வேலைக்கு போயிட்டே பண்ணணும்ங்கிறவங்களுக்கு இது தப்பே இல்ல.

ஆனா புகை ருசி லேசுதான். நெருப்பு கனன்று எரியாம மரம் வெறும் சூட்டுல கருகுறதால, கறி ஓரத்துல வர்ற ரோஸ் கலர் வளையமும் பெருசா வராது (வளையம் ருசி இல்ல, கண்ணுக்குத்தான், ஆனா அதுக்காகவே பண்றவங்க இருக்காங்க). நிறைய மாடல் 135 டிகிரிக்கு மேல போகாது, கோழி தோல் ரப்பரா நிக்கும். மழைல வெளிய வைக்க முடியாது, மெலிசான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டா வயர் சூடாகும், போர்டு போச்சுன்னா மொத்த பெட்டியும் சும்மா அலமாரி. கேஸ் அலமாரி ருசில கொஞ்சம் மேல, ஆனா காத்து அடிக்கிற இடத்துல பர்னரை சிம்ல நிறுத்துறது தலைவலி.

## மண்தொட்டி, ஹாலோ பிளாக்

பெரிய பூந்தொட்டிக்குள்ள ஹாட்பிளேட், மேல மரத்துண்டு தட்டு, கிரேட், இன்னொரு தொட்டி மூடி. செய்ய ஜாலியா இருக்கும், சின்ன கோழி ஒண்ணு பண்ணலாம். ஹாட்பிளேட் தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வர்றதால வெப்பம் 107ஐ தொடவே திணறும், தொட்டி கீறல் விடும், கலர் கிளேஸ் போட்ட தொட்டில ஈயம் இருக்கலாம், எடுக்காதீங்க.

ஹாலோ பிளாக்கை சிமென்ட் இல்லாம அடுக்கி மேல தகடு மூடி போடுறது வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கூட்டத்துக்கு பண்றவங்களுக்கு சூப்பர், முழு விலங்கே வைக்கலாம், முடிஞ்சதும் பிரிச்சு அடுக்கிடலாம். கரி மூட்டை மூட்டையா போகும். ஈரமான பிளாக் சூட்டுல தெறிக்கும், காய்ஞ்சதா பாத்து எடுங்க.

பழைய ஃபிரிட்ஜை ஸ்மோக்கர் ஆக்குற வீடியோ பாத்துட்டு கேக்குறவங்களுக்கு: உள்ள பிளாஸ்டிக், அதுக்கு பின்னாடி ஃபோம். வேணாம்.

## ஒரே பார்வைல

| | கைக்காசு | கவனிப்பு | கரி / எரிபொருள் | இடம் | பெரிய சிக்கல் |
|---|---|---|---|---|---|
| இருக்குற கெட்டில் | கிட்டத்தட்ட இல்ல | நடுத்தரம் | கம்மி | கம்மி | நீண்ட நேர சமையல் |
| டிரம், சொந்தமா | கம்மி, டூல்ஸ் இருந்தா | கம்மி | கம்மி | நல்லா இருக்கு | கோட்டிங், ஜிங்க் |
| புல்லட் | நடுத்தரம் | கம்மி | கம்மி | நடுத்தரம் | காப்பிகளோட கரி சட்டி |
| மலிவு ஆஃப்செட் | நடுத்தரம், அப்புறம் ஏறும் | ரொம்ப | நிறைய | நல்லா இருக்கு | ஒழுகல், மெல்லிய தகடு |
| எலக்ட்ரிக் | நடுத்தரம் | இல்லன்னே சொல்லலாம் | கரண்ட் | நடுத்தரம் | லேசான புகை, ரிப்பேர் |
| ஹாலோ பிளாக் | கம்மி | நிறைய | ரொம்ப நிறைய | எவ்ளோ வேணா | சூடு நிக்காது |

## எதை எடுத்தாலும் கூடவே வர்ற செலவு

தெர்மாமீட்டர். மூடியில இருக்குற மீட்டரை நம்பாதீங்க, அது கறி இருக்குற இடத்தை அளக்கல, மூடி உச்சியை அளக்குது, மலிவுல அதுவும் தப்பா காட்டும். ரெண்டு ப்ரோப் (சூட்டை அளக்குற கம்பி) வெச்ச டிஜிட்டல் ஒண்ணு, கிரேட் கிட்ட ஒரு ப்ரோப், கறிக்குள்ள ஒண்ணு. ஸ்மோக்கர்ல காசு குறைச்சாலும் இதுல குறைக்காதீங்க. கோழி 74 டிகிரி தொட்டே ஆகணும். போர்க் ஷோல்டர் 63லயே பாதுகாப்புதான், ஆனா அப்போ செருப்பு மாதிரி இருக்கும், பிச்சு எடுக்கணும்னா 93, 95 வரைக்கும் போகணும், அப்பதான் ஜவ்வு கரையும்.

கரி பத்த வைக்க சிம்னி ஸ்டார்ட்டர் ஒண்ணு. மேல ஊத்துற திரவம் வேணாம், மூடி போட்ட டப்பால அந்த வாசம் அப்படியே கறில ஏறும். மரம் நல்லா காய்ஞ்ச ஓக், ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி மாதிரி கெட்டி மரம். பைன் மாதிரி பிசின் இருக்குறது, பெயிண்ட் அடிச்சது, மருந்து போட்ட பலகை, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாத பேலட் கட்டை, எதுவும் கூடாது. புகை வெள்ளையா குமுறிட்டு வந்தா கறியை இன்னும் வைக்காதீங்க, மெலிசா நீலம் தட்டுற வரைக்கும் காத்திருங்க.

வைக்கிற இடம் சுவர்ல இருந்து 3 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில. மழை வருதுன்னு கேரேஜுக்குள்ள, மூடின ஷெட்டுக்குள்ள தள்ளிடாதீங்க, கரி விடுற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளை கொல்லும். சாம்பல் அடுத்த நாளும் உள்ள கங்கோட இருக்கும், மூடி போட்ட இரும்பு வாளி ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க.

டிரம்மோ புல்லட்டோ வந்ததும் நேரா விலை கூடின பிரிஸ்கெட்ல (மாட்டு நெஞ்சுக்கறி) இறங்காதீங்க. முதல்ல வெறும் கரில ஒரு தடவை ஓட்டி எந்த வால்வு எவ்ளோ திறந்தா எத்தனை டிகிரில நிக்குதுன்னு குறிச்சு வைங்க. அடுத்து கோழி, 135 கிட்ட, ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன, தோல் மொறுமொறுக்கலன்னா கடைசில நேர் தணல்ல காட்டி எடுத்துடலாம். அதுக்கப்புறம் ஷோல்டர். அது கொழுப்பு கறி, 20 டிகிரி முன்ன பின்ன ஆனாலும் கெட்டுப்போகாது.